வீசிங் நின்றால் ஆஸ்துமா போய்விட்டதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆஸ்துமாவைப் பற்றியவை. இளைக்கும்போது மட்டும்தான் நோய், இளைப்பு நின்றால் நோயும் போய்விட்டது என்ற எண்ணம் பலருடைய கடிதத்திலும் தெரிகிறது. அதனால் முதல் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மாதம் ஒருமுறையாவது விடியற்காலையில் இருமி இருமி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். நெபுலைசர் வைத்தால் மறுநாளே பள்ளிக்கு ஓடிவிடுகிறான். நடுவில் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்குத் தினமும் மருந்து? (செங்காங் வாசகி)

பதில்: அவன் ஓடி விளையாடும் நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கித்தான் இருக்கிறது. நுரையீரலைத் திறந்து பார்க்க முடியாததால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வாமையோடு தொடர்புள்ள சில வெள்ளணுக்கள் அந்தச் சுவரில் தங்கி, அதை எப்போதும் சிவந்து சினந்த நிலையிலேயே வைத்திருக்கின்றன. ஆஸ்துமா என்பது இந்த வீக்கம்தான். சளிக் கிருமியோ தூசியோ புகையோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் இன்னும் வீங்குகிறது, பிசுபிசுப்பான கோழை சுரக்கிறது. மூன்றும் சேர்ந்து பாதையைக் குறுக்கிவிடுகின்றன. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் அப்போது கடினம். குழந்தையின் முதுகில் காதை வைத்தால் மூச்சு விடும்போது விசில் போலக் கேட்பது இதனால்தான்.

ஏன் விடியற்காலையில்? வீக்கத்தை அடக்க நம் உடலே சுரக்கும் கார்ட்டிசால் இரவில் மிகவும் குறைந்துவிடுகிறது. மூச்சுக்குழாயும் விடியற்காலை நான்கு மணி வாக்கில் இயல்பாகவே சற்றுச் சுருங்கும். ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது, ஆஸ்துமாக்காரரை எழுப்பிவிடும்.

நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை செய்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. மாதம் ஒருமுறை நெபுலைசர் தேவைப்படும் பிள்ளையின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் நான் சொல்வேன். உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் ஜீனா வழிகாட்டி 2019ல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, இதே சால்பியூட்டமால் உள்ள நீல நிற நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து நிறுத்த வேண்டாம், வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்கட்டும் என்றது. நீல இன்ஹேலரை மட்டும் நம்பி அடிக்கடி அடித்துக்கொண்டவர்களிடம்தான் கடுமையான தாக்குதலும் மரணமும் அதிகம் காணப்பட்டன. உங்கள் மகன் வயதுக்கும், இப்படி மாதந்தோறும் வந்தால், வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு இன்ஹேலரைத் தினமும் குறைந்த அளவில் கொடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் தயங்காமல் தொடங்குங்கள்.

கேள்வி: தடுப்பு இன்ஹேலர் ஸ்டீராய்டாமே? பிள்ளை வளராமல் போய்விடுவான் என்று என் மாமியார் பயப்படுகிறார். (ஈசூன்)

பதில்: ஸ்டீராய்டுதான். பெரியவர்களின் பயத்திலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. சிறு வயதிலிருந்து பல ஆண்டுகள் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து அளந்தபோது, உயரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவு தெரிந்தது. அதற்குமேல் இல்லை. தடுப்பு மருந்து இல்லாமல் அடிக்கடி மூச்சு முட்டி, ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ குடிப்பதுதான் உடம்புக்கு அதிகச் சுமை. மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறோம், இன்ஹேலரை மைக்ரோகிராம் கணக்கில். அதுவும் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது.

போகிறதா என்பதைத்தான் நான் எப்போதும் சோதிக்கிறேன். இன்ஹேலரைக் கையில் கொடுத்து "அடித்துக் காட்டுங்கள்" என்றால், பலர் வாயைத் திறந்து நாக்கின் மேல் அடித்துவிட்டு உடனே மூச்சு விட்டுவிடுகிறார்கள். மருந்து தொண்டையிலேயே நின்றுபோகிறது. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) கட்டாயம் வேண்டும். குலுக்கி, ஸ்பேசரில் ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு தடவை நிதானமாக இழுத்து விடச் சொல்லுங்கள். அடுத்த பஃப் அதன் பிறகுதான். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், நாக்கில் வெள்ளைப் படலம் வராமலிருக்கும்.

கேள்வி: கணவருக்கு ஆஸ்துமா. பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருமா? கர்ப்பமாக இருக்கும் எனக்கும் லேசாக இருக்கிறது, இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். (தெம்பனிஸ்)

பதில்: முதலில் இன்ஹேலரை மறுபடி தொடங்குங்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். அந்த ஆபத்து மருந்தால் வரக்கூடியதைவிடப் பெரிது.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடுகிறது, வந்தே தீரும் என்பதில்லை. ஒரே ஒரு மரபணுவின் வேலை அல்ல இது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கின்றன. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் படும் சிகரெட் புகை, முதல் சில ஆண்டுகளில் வரும் கடுமையான நெஞ்சுச் சளி, ஒவ்வாமை உடம்பு, அளவுக்கு மீறிய எடை எல்லாம் அதோடு சேர்கின்றன. இவற்றில் உங்கள் கையில் இருப்பது புகை. வீட்டில் யாரும் புகைக்க வேண்டாம், தாழ்வாரத்தில் நின்றும் வேண்டாம்.

கேள்வி: வாழைப்பழம், தயிர், ஐஸ் தண்ணீர் கொடுக்கலாமா? (புக்கிட் பாத்தோக்)

பதில்: கொடுக்கலாம். குறிப்பிட்ட ஓர் உணவைச் சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் அதை மட்டும் சொல்லுங்கள், பரிசோதிக்கலாம்.

கேள்வி: தினமும் வீட்டைத் துடைக்கிறோம், ஒரு தூசி கிடையாது. பிறகும் மகளுக்குத் தும்மலும் வீசிங்கும் ஏன்? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தரையில் இல்லை, மெத்தையில் இருக்கிறது. தூசி உண்ணி என்ற பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நாம் உதிர்க்கும் தோல் துகள்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். குளிர்காலமே இல்லாத, ஆண்டு முழுக்க ஈரமான சிங்கப்பூர் அதற்குச் சொர்க்கம். குளிர்நாடுகளில் அவ்வளவாகத் தெரியாத புளோமியா டிராபிகாலிஸ் என்ற வகை இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒவ்வாமையைத் தூண்டுவது முக்கியமாக அதன் கழிவு.

விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். மூங்கில் கழியில் வெயிலில் காயப்போடுவது ஈரத்தைப் போக்கும், ஆனால் கழிவு துவைத்தால்தான் போகும். படுக்கையில் பொம்மைக் குவியல் வேண்டாம். இதற்குமேல் மெத்தை சுத்தம் செய்யும் சேவை, விலையுயர்ந்த இயந்திரம் என்று பணத்தைக் கொட்டாதீர்கள். இவை மட்டுமே ஆஸ்துமாவை அடக்கிவிடுவதில்லை. அந்தப் பணம் முதலில் மருந்துக்கு. ஆஸ்துமாவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தைப் பயன்படுத்தலாம் என்பதையும் பலர் அறிவதில்லை.

பூசை அறையையும் கவனியுங்கள். கதவும் சன்னலும் சாத்திய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சாம்பிராணி போட்டால் புகை போக வழியில்லை. விளக்கு ஏற்றுங்கள், சாம்பிராணியை மகள் வீட்டில் இல்லாத நேரத்தில், சன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள்.

கேள்வி: புகைமூட்டம் வந்தால் என்ன செய்வது? ஆம்புலன்ஸுக்கு 995ஐ எப்போது அழைப்பது? (உட்லண்ட்ஸ்)

பதில்: 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த அளவுக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு 100ஐத் தாண்டினாலே எச்சரிக்கைதான். தடுப்பு இன்ஹேலரைத் தவறவிடாதீர்கள், நிவாரண இன்ஹேலரில் எத்தனை டோஸ் மிச்சம் என்று இப்போதே பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், விலா எலும்புக்கிடையில் சதை உள்ளே இழுத்தால், உதடு நீலமானால், நிவாரண மருந்து கேட்காவிட்டால் உடனே 995. காத்திருக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொன்றாக நான்கிலிருந்து பத்து பஃப் வரை கொடுங்கள். படுக்க வைக்க வேண்டாம். மூச்சுக் களைத்து விசில் சத்தமே நின்றுபோனால், அது குணமானதன் அடையாளம் அல்ல. மிகவும் ஆபத்தான நிலை அது.

கேள்வி: துவாஸில் ஸ்பிரே பெயின்ட் வேலை. ஊரில் இருந்தவரை எனக்கு இளைப்பே கிடையாது. இங்கே ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு இறுகுகிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால் சரியாகிவிடுகிறது.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரிதான் இதில் முக்கியம். வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறைந்தால் வேலையிலிருந்து வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற பொருள் இருப்பது வழக்கம். உடம்புக்கு அது ஒவ்வாமையாக மாற மாதங்களோ வருடங்களோ ஆகலாம். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். சாதாரணத் துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. மாவில் வேலை செய்யும் ரொட்டிக் கடைக்காரர்களுக்கும் இதே மாதிரி வருவதுண்டு.

மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை, எந்தப் பெயின்ட் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃபுளோ மீட்டர் கேட்டு வாங்கி, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதிச் சில வாரம் எழுதி வையுங்கள். நோய் உறுதியானால் சிங்கப்பூரில் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய் இது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும். சீக்கிரம் அந்தப் பெயின்டிலிருந்து விலகினால் முழுதாகக் குணமாகக்கூட வாய்ப்புண்டு, பல வருடம் சமாளித்துக்கொண்டே இருந்தால் நிரந்தரமாகிவிடலாம். முதலாளி என்ன சொல்வாரோ என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.