மழை பொய்த்தால் அது தண்டனையா?

கேள்வி: சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். அடுத்த வாரம் பைபிளில் எரேமியா புத்தகத்தின் 14-ஆம் அதிகாரம். அதில் வரும் வறட்சி நிஜமா, உவமையா? மழை பொய்ப்பது பாவத்துக்குத் தண்டனை என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

பதில்: நிஜமான வறட்சியாகவே தொடங்குங்கள், சகோதரி. எடுத்த எடுப்பில் உவமை என்றால் அதிகாரத்தின் பாதி பலம் போய்விடும்.

எருசலேமில் ஆண்டு மழை சுமார் 550 மி.மீ. ஜூன் முதல் செப்டம்பர் வரை அநேகமாக ஒரு துளியும் விழாது. அக்டோபர், நவம்பரில் வரும் முன்மாரி நிலத்தை உழவுக்கு இளக்கும். மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரி கதிரில் மணி பிடிக்கச் செய்யும். மழை அளவு குறையாமல் பருவம் மட்டும் தவறினாலும் விளைச்சல் அடிவாங்கும். அறுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது மழை நின்றது என்று ஆமோஸ் 4:7 கணக்குச் சொல்வது இதனால்தான். எகிப்துக்கு நைல் இருந்தது, இந்த மலைநாட்டுக்கு வானம்தான். அந்த நாட்டின் பழங்குடிகளான கானானியர் மழைக்கு நம்பியதோ பாகால் என்ற தெய்வத்தை. ஆக, மழை யார் கையில் என்பதே அங்கே தகராறு. எரேமியா 14:22 அதைத்தான் கேட்கிறது.

வகுப்பில் அதிக நேரம் தர வேண்டியது தண்ணீர்த் தொட்டிக்கு. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, உட்புறம் காரை பூசி, மழைநீரைக் கோடைக்குச் சேர்த்து வைப்பார்கள். காரை வெடித்தால் சேர்த்ததெல்லாம் பாறையிடுக்கில் இறங்கிவிடும். முதலில் 2:13-ஐ வாசியுங்கள்: ஜனங்கள் வற்றாத ஊற்றை விட்டுவிட்டு, வெடித்த தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள். பிறகு 14:3: பிரபுக்களின் ஆட்கள் தொட்டிக்குப் போய் வெறும் பாத்திரத்தோடு திரும்புகிறார்கள். முன்பு உவமையாகச் சொன்னது இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும் ஒன்றும் உண்டு. 14:8-இல் 'இஸ்ரவேலின் நம்பிக்கையே' என்ற இடத்தில் எபிரெயச் சொல் 'மிக்வே'. அதற்கு நம்பிக்கை என்றும், நீர் சேர்ந்த இடம் என்றும் இரண்டு பொருள். தாகத்தில் தவிக்கும் ஊர் கடவுளை அந்தச் சொல்லால் அழைக்கிறது. 17:13-இல் அதே சொல் ஊற்றோடு சேர்ந்தே வருவதால், எரேமியா தெரிந்தேதான் இப்படி எழுதுகிறார் என்பேன். 15:18-ஐ விட்டுவிடாதீர்கள்: நம்பிப் போனவனை ஏமாற்றும் காட்டாறு போல ஆகிவிட்டீரோ என்று தீர்க்கதரிசி கடவுளையே கேட்கிறார். இதை மழுப்பி நடத்துகிறவர்கள் உண்டு. நீங்கள் மழுப்ப வேண்டாம்.

இனி தண்டனை. உபாகமம் 28:23-இல் வானம் வெண்கலமாகும், அதாவது மழை தராது என்ற எச்சரிக்கை, கடவுள் இஸ்ரவேல் என்ற ஒரு குறிப்பிட்ட ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் பகுதி. தீர்க்கதரிசிகள் அதை வைத்தே பேசினார்கள். அதைத் திருப்பிப் போட்டு, மழை இல்லாத ஊரெல்லாம் பாவம் செய்த ஊர் என்று சொல்ல அந்த வசனங்கள் இடம் தரவில்லை. எரேமியா 14:5-இல் புல் இல்லாமல் ஈன்ற குட்டியைக் கைவிட்டுப் போகும் மான் என்ன பாவம் செய்தது? 14:7-இல் 'எங்கள் அக்கிரமங்கள்' என்றே அறிக்கை வருகிறது, 'அவர்கள்' என்று அல்ல. பிள்ளைகள் இன்னும் கேட்டால் 1 இராஜாக்கள் 17:7-ஐத் திறக்கச் சொல்லுங்கள். மழை பெய்யாது என்று அறிவித்த எலியா தீர்க்கதரிசி குடித்துக்கொண்டிருந்த கேரீத் ஆறும் வற்றிப்போனது.