எழுத ஒன்றுமில்லையா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் அப்பா சென்ற ஆனி மாதம் 78 வயதில் காலமானார். 1965இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் பயிற்சி. 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி அகற்றியவர்களில் ஒருவர். 1980இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, பிறகு திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் 26 வருடம் வெல்டராக இருந்தார். முதலாண்டுத் திதிக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம். போரைப் பற்றி அப்பா வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அதைப் பற்றி இரண்டு பக்கம் எப்படி எழுதுவது? சீருடைப் படத்தை அட்டையில் போடலாமா? கேன்டீன் ரம் பழக்கத்தைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா? பெல் வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒரு வரி போதும் என்கிறார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

செ., துவாக்குடி

அன்புள்ள செ.,

அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் இந்த வேலையை எடுத்துப்போட்டுச் செய்கிறீர்கள். நல்ல பிள்ளை. படத்தைத் தாராளமாகப் போடுங்கள். ரம் விஷயத்தை அம்மா சொல்கிறபடி செய்யுங்கள்.

போரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1971 டிசம்பர் 15 இரவு, சக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றை ஒட்டிப் புதைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்குப் பாதை திறந்தவர்கள் 9ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட்டின் மெட்ராஸ் சாப்பர்கள். ராணுவத்தில் அவர்களுக்குப் பெயரே 'தம்பி'தான். அந்த வேலையில் உயிர்விட்ட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். பாதை முழுதாகத் திறக்கும் முன்பே புகுந்து போனது 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படை. மறுநாள் அதில்தான் 21 வயது அருண் கேத்தர்பால் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அப்பாவின் பெட்டியில் அந்தப் போருக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டாரும் சங்க்ராம் பதக்கமும் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அவருடைய எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். இதை வைத்தே இரண்டு பக்கம் எழுதிவிடலாம்.

ஆனால் "எழுத ஒன்றுமில்லை" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. டிசம்பர் 3இல் தொடங்கி 17இல் முடிந்த சண்டைக்கு இரண்டு பக்கம், 26 வருடத்துக்கு ஒரு வரியா? அந்த 26 வருடச் சம்பளத்தில்தானே நீங்களும் அண்ணனும் படித்தீர்கள்?

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். என் பெரியப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். திரும்பி வந்து கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். அவர் இறந்தபோது அஞ்சலி நோட்டீஸை நான்தான் எழுதினேன். "முன்னாள் ராணுவ வீரர்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். மில்லின் பெயரைக்கூடப் போடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நோட்டீஸைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க ஆளு இதுல இல்லையே தம்பி" என்றார். அப்புறம் பந்தலில் உட்கார்ந்து சொன்னார். ஓடுகிற ஸ்பின்னிங் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று பெரியப்பா சொல்லிவிடுவாராம். நைட் ஷிஃப்டில் அவர் கை வைத்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவைப்பார்களாம். பந்தி பரிமாறும் அவசரத்தில் நான் பாதிதான் கேட்டேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது விசாரித்தேன். அந்தப் பெரியவரும் போய்விட்டிருந்தார்.

அதனால் கேட்கிறேன். வெல்டர் என்கிறீர்களே, அப்பா எதை வெல்டு செய்தார்? திருவெறும்பூரில் செய்வது அனல்மின் நிலையங்களுக்கான உயர் அழுத்த பாய்லர்கள். அதன் குழாய்களுக்குள் 540 டிகிரி சூட்டில் நீராவி ஓடும். ஒரு ஜாயிண்டில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்து ஒழுகினால்கூட மொத்த யூனிட்டையும் நிறுத்த வேண்டியதுதான். அதனால் சோதனைத் துண்டை ஒட்டிக் காட்டித் தேறியவரைத்தான் அந்த ஜாயிண்டில் விடுவார்கள். ஒட்டியதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வெல்டிங் ராடில் ஈரம் ஏறியிருந்தால் ஒட்டிய இடத்துக்குள் புரை விழும், ஃபிலிமில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். ராடை ஓவனில் சுடவைத்து, சூடு ஆறாத டப்பாவில் எடுத்துக்கொண்டு போவது அதற்காகத்தான். அப்பா அந்த ஜாயிண்டுகளில் வேலை பார்த்தாரா? எத்தனை தடவை அவருடைய ஜாயிண்டு திரும்பி வந்தது? ஷிஃப்ட் முடிந்து வந்த ராத்திரிகளில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிகிறது என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாரே, அதை நீங்கள் பார்த்ததில்லையா?

போரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, சரி. வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நீங்கள் கேட்கவில்லை.

இன்னொன்று. சாப்பர்ஸில் சண்டைக்குப் பழக்குவதோடு ஆளுக்கொரு தொழிலும் கற்றுக்கொடுப்பார்கள். வெல்டிங்கையே அப்பா பெங்களூரில் கற்றிருக்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'டிரேடு' என்ற இடத்தைப் பாருங்கள். கண்ணிவெடியைத் தேடுகிறவன் குப்புறப் படுத்துக் கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போவான். நேராகக் குத்தினால் வெடித்துவிடக்கூடும். பசந்தரில் அப்படி அவசரப்படாமல் போன கைதான் 26 வருடம் ராடைப் பிடித்தது. அப்பாவை இரண்டு ஆளாக வெட்டி, ஒருவரை அட்டையில் போட்டு இன்னொருவரை ஒரு வரியில் முடிக்காதீர்கள்.

திதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கைலாசபுரம் டவுன்ஷிப்பில், இல்லையென்றால் உங்கள் துவாக்குடியிலேயே, அப்பாவோடு ஷிஃப்ட் பஸ்ஸில் போன நாலு பேராவது இருப்பார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டியிருக்கும். நோட்டுப் புத்தகத்தோடு இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்தான் முக்கியமாகக் கேட்க வேண்டியவர்.

போனதும் முதலில் அப்பாவின் வெல்டர் நம்பர் என்ன என்று கேளுங்கள். பாய்லர் வேலையில் யார் ஒட்டினார் என்பதற்கு ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அந்த நம்பரைப் பஞ்ச் செய்வது வழக்கம். கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.