நோட்டைத் திறக்காத ஒன்பதாம் வகுப்பு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் நோட்டைக்கூடத் திறப்பதில்லை. மனசு விட்டுப்போகிறது. என்ன செய்வது?

பதில்: அவர்களுக்கு உங்கள்மேல் வெறுப்பில்லை, பெரும்பாலோர் தெரியாததை மறைக்கிறார்கள். எட்டாம் வகுப்புவரை ஆல் பாஸ். வகுத்தல் வராமலே வந்தவனுக்குப் பல்லுறுப்புக் கோவை எப்படிப் பிடிபடும்?

முதலில் 10 கணக்கில் ஒரு தாள் கொடுங்கள்: கடன் வாங்கிக் கழித்தல், ஈரிலக்க வகுத்தல், பின்னம், குறை எண். மதிப்பெண் வேண்டாம், யார் எங்கே நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தினமும் முதல் 5 நிமிடம் கரும்பலகையில் 3 கணக்கு. முதலாவது, கடைசி பெஞ்சும் போடக்கூடியதாக இருக்கட்டும்: −3 + 5 போல. பெஞ்சுக்கு பெஞ்சு நடந்து அங்கேயே டிக் போடுங்கள். −8 என்று எழுதியிருந்தால், நோட்டில் எண்கோடு வரைந்து −3-இலிருந்து வலப்பக்கம் 5 தாண்டச் சொல்லுங்கள். எழுப்பி நிற்கவைத்தால் மறுநாள் நோட்டு மூடியே கிடக்கும்.

வகுப்பு மொத்தத்தையும் ஒரே மாதத்தில் திருப்ப நினைப்பதுதான் புது ஆசிரியரை உடைக்கிறது. வாரம் 4 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் இப்போது போடுவதை அந்த முதல் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாலையில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே முடிக்கட்டும்.