பழைய சர்வர் வாங்கினேன், விசிறி மட்டும் அலறுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

முதலில் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கிண்டல் இல்லை. ரேம் முழுவதையும் சோதித்து முடித்த பிறகுதான் சர்வர் மெதுவாகத் திரைக்கு வரும். வீட்டு கம்ப்யூட்டர் பழக்கத்தில் நாம் அரை நிமிடத்திலேயே சுவிட்சை அணைத்துவிடுகிறோம். மானிட்டர் ஒயரும் சர்வரோடு வந்த விஜிஏ போர்ட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? எனக்கும் அதேதான் நடந்தது. கோவையில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு ஜியான் இ5-2650 ப்ராசஸர் போட்ட ரேக் சர்வரை வாங்கி, வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். வழியில் குலுங்கிய குலுக்கலில் ரேம்கள் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தன. பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு எல்லா ரேமையும், கூடுதல் கார்டுகளையும் கழற்றினேன். முதல் ப்ராசஸரின் முதல் ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேமைப் போட்டதும் திரை வந்தது. எது முதல் ஸ்லாட் என்பதற்கு மூடியின் உட்பக்கம் படம் ஒட்டியிருக்கும். வீட்டு பிசி ரேமைச் செருகிப் பார்க்காதீர்கள். ஸ்லாட்டில் உட்காரும்தான், ஆனால் சர்வர்களில் வரும் ரெஜிஸ்டர்டு வகை ரேமோடு அது சேராது.

அப்புறம்தான் நிஜமான தலைவலி. எட்டு ஜிபி ரேம் எட்டு போட்டால் 64 வர வேண்டும், 56 வந்தது. காட்டாத ரேமைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கே வேலை செய்தது. பழைய ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் காணோம். அப்படியானால் ரேம் மேல் குற்றமில்லை. இந்த ப்ராசஸர்களில் ரேமைக் கையாளும் மெமரி கண்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் ரேமுக்குப் போகும் ஒரு பாதை, அதாவது ஒரு சேனல், முழுக்கப் போய்விடலாம். அந்த ஸ்லாட் இரண்டாவது ப்ராசஸருடையது. அதை எடுத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். 2011 பின்களும் வரிசையாக மின்ன, ஒன்று மட்டும் படுத்திருந்தது. லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையை அதில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் புது பேஸ்ட் தடவிப் பூட்டினேன். 64. இந்தச் சந்தேகம் வராதவரை ப்ராசஸரைத் தொடவே தொடாதீர்கள். தொட்டு வளைப்பவர்கள்தான் அதிகம்.

டிஸ்க் மாட்டும்போது, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று மிரட்டும். டிஸ்க்கில் பழைய ஆபீஸ் ரெய்டின் குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே உங்களுக்கு வேண்டிய தரவு எதுவும் இல்லையென்றால் கிளியர் கொடுங்கள். சர்வரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட்டிலும் அவர்களுடைய ஐபியும் பாஸ்வேர்டும்தான் கிடக்கும். பூட் ஆகும்போது செட்டப்புக்குள் போய் ரீசெட் செய்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா என்றும் பாருங்கள். சர்வர் பவர் சப்ளைகள் பலவும் அதில் முரண்டு பிடிக்கும். சைன் வேவ்தான் சரி. ஐப்பசி மாதம் மத்தியானம் இடி உருட்டத் தொடங்கினால் நான் சர்வரை அணைத்து, பவர் ஒயர், நெட்வொர்க் ஒயர் இரண்டையுமே பிடுங்கிவிடுவேன்.

விசிறிச் சத்தம் பூட் ஆனதும் பெரும்பாலும் அடங்கும். முழுக்க அடங்காது. “வீட்டுக்குள்ள மாவு மில்லு வெச்சிருக்கியாடா?” என்று அம்மா கேட்ட அன்றே என்னுடையது பத்தாய அறைக்குப் போய்விட்டது. அங்கே வைத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: டிஸ்க் இல்லாத இடங்களுக்கு வரும் பிளாஸ்டிக் மூடிகளைக் கடையில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் காற்றோட்டமும் கெடும், பல்லியும் உள்ளே குடிவந்துவிடும்.