பஞ்சாபி அம்மா கொடுத்த இரும்புக் காப்பு

தம்பி, கனடாவில் பிராம்ப்டன் வந்து இரண்டு மாதம் ஆகிறது, பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன், மேலே குடியிருக்கும் வீட்டுக்கார பஞ்சாபி அம்மா அமிர்தசரஸ் போய் வந்து எனக்கும் ஒரு இரும்புக் காப்பு கொடுத்தார், போட்டால் மதம் மாறியதாக ஆகிவிடுமா, வேலையிடத்தில் கழற்றச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போடுங்கள். பஞ்சாபில் இந்துக்கள் எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவில் சேர்வதற்கு அமிர்தம் எடுத்துக்கொள்வது என்று தனிச் சடங்கே இருக்கிறது. காப்பை மாட்டியதும் யாரும் உங்களைச் சீக்கியர் கணக்கில் எழுதிவிட மாட்டார்கள்.

அதன் பெயர் கடா. நம் ஊர்க்காரர்களுக்குக் கடா வெட்டுதான் முதலில் நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. சீக்கியர் கோயிலான குருத்வாராவில் கையில் வைக்கும் கோதுமை அல்வாவுக்கும் கடா பிரசாத் என்றுதான் பெயர். அது கடாய்ச் சட்டியிலிருந்து வந்த பெயர், காப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் ஒரு வருடம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பும் செய்திருக்கிறேன். வந்த புதிதில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. மோதிரம், வாட்ச், வளையல் எதுவும் கூடாது என்பது விதி. ஒரு பஞ்சாபிப் பெண் புதிதாக வந்தாள். அவளுக்கு வேலை காட்டிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. "அந்த வளையலைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வா" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். அவள் நகரவே இல்லை. திமிர் என்று நினைத்தேன். பிறகு சூப்பர்வைசர் வந்து, நீளக் கையுறை கொடுத்து அதை மூடிக்கொள்ளச் சொன்னார், ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, இது நகை இல்லை" என்று ஆரம்பித்தாள்.

1699-இல் வைசாகிப் பண்டிகை அன்று பஞ்சாபில் உள்ள ஆனந்த்பூர் சாகிபில் சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங் கால்சாவைத் தொடங்கினார். கால்சாவில் சேர்ந்தவர்கள் எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டியவை ஐந்து. வெட்டாத முடி கேஷ், மரச்சீப்பு கங்கா, இந்தக் கடா, உள்ளே அணியும் கச்செரா, குறுவாள் கிர்பான். கடா இரும்பிலோ எஃகிலோ இருக்க வேண்டும். தங்கத்தில் செய்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பக்தியுள்ள பெரியவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. தங்கம் என்றாலே நகையாகிவிடுகிறது. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, கடவுளும் அப்படித்தான் என்பார்கள். அந்தப் பெண் எனக்குச் சொன்னது இன்னும் எளிமையானது. கை ஒரு காரியத்தைச் செய்யப் போகும்போது கண்ணில் காப்பு படும், குருவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரும். அதனால்தான் பெரும்பாலும் வலது கையில் போடுகிறார்கள்.

நாம் உடனே குழந்தைக்குப் போடும் கறுப்பு வளையலோடு சேர்த்து, திருஷ்டிக்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியில்லை, தாயத்து, மந்திரக் கயிறு எல்லாம் சீக்கிய நெறியில் கூடாது. நம்மிடம் இதற்கு ஒப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் மாரியம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுவதைத்தான் சொல்வேன். காப்புக் கட்டிவிட்டால் விரதம், கவுச்சி கிடையாது, வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கை மணிக்கட்டில் ஒரு கட்டுப்பாடு ஏறிவிடுகிறது, இல்லையா? நமக்குத் திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆயுள் முழுக்க.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். 2008-இல் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவியின் வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாட்ச்சும் சாதாரணக் கம்மலும் மட்டும் போடலாம் என்ற பள்ளி, கடாவோடு வந்த அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணை வெளியே நிறுத்தியிருந்தது. தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. இங்கே கனடாவில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளோடு கிர்பானையே பள்ளிக்குக் கொண்டுபோக அனுமதித்தது. ஒன்டாரியோவில் மத நம்பிக்கைக்கு வேலை கொடுப்பவர் முடிந்தவரை இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

ஆனால் தம்பி, இதெல்லாம் அவர்களுக்கு. உங்களுக்கு அது ஓர் அன்பளிப்பு. சூப்பர்வைசர் கழற்றச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கழற்றி லாக்கரில் வையுங்கள். "அவனுக்கு மட்டும் விடுகிறீர்களே" என்று பேசப் போகாதீர்கள், நம் பையன்கள் சிலர் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். மெஷினில் கை வைக்கிற வேலையென்றால் யாரும் சொல்லாமலே கழற்றிவிடுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் அப்படித்தான், அது இரும்பு. விமான நிலையத்தில் கருவி கத்தினால் கையைக் காட்டுங்கள், பார்த்துவிட்டு விடுவார்கள்.

அப்புறம் ஒன்று. நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. கால்சா நெறியில் புகையிலை பெரிய விலக்கு. கடா போட்ட கையில் சிகரெட்டோடு வீட்டு வாசலில் நின்றால் அந்த அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், மனதுக்குள் நொந்துகொள்வார். பிடிப்பதாக இருந்தால் அந்த நேரத்துக்குக் காப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் போங்கள்.

அளவு சின்னதாக இருந்தால் விரல் முட்டிக்குமேல் பலவந்தமாக ஏற்ற வேண்டாம், சோப்புப் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் கூச்சப்படாமல் அவரிடமே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை டிக்ஸி ரோட்டு குருத்வாராவுக்குப் போகும்போது உங்களையும் கூட்டிப்போய் வேறு வாங்கித் தந்துவிடுவார். போனால் தலையில் கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள், செருப்பை வெளியே விடுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். பிரசாதத்தை இரண்டு கையையும் சேர்த்து வாங்குங்கள். நெய் சொட்டும்.