பழைய கிராம விடுதி கைமாறும்போது

கேள்வி: நூறு ஆண்டு தாண்டிய கிராமத்துத் தங்கும் விடுதி ஒன்று விலைக்கு வருகிறது. உரிமையாளருக்கு வாரிசு இல்லை. தொழிலையும் சேர்த்தே வாங்க நினைக்கிறோம். முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், விற்பது யார் என்று பாருங்கள். விடுதி ஒரு கம்பெனியின் பெயரில் இருந்து, அதன் பங்குகளை நீங்கள் வாங்கினால், பழைய கடன், வரி பாக்கி, வழக்கு எல்லாம் கூடவே வரும். சொத்தை மட்டும் வாங்கினால் பத்திரத்தில் கட்டடம் வரும். விடுதியின் பெயர், தொலைபேசி எண், இணைய முகவரி ஆகியவை தனியாக எழுதப்படாவிட்டால் பழையவரிடமே தங்கிவிடும்.

அதிகம் சண்டை வருவது முன்பதிவுப் பணத்தில்தான். பணத்தை வாங்கியவர் அவர்; அறை கொடுக்க வேண்டியவர் நீங்கள். கைமாறும் நாள் வரையிலான முன்பதிவுகளைத் தேதி, தொகையோடு பட்டியலிட்டு ஒப்பந்தத்தில் இணையுங்கள். மொத்தத்தை விலையில் கழித்துவிடுங்கள்.

கட்டடம் பழசு என்பது குறையே அல்ல. இடையில் வந்தவர்கள் செய்த பராமரிப்புதான் கவலை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். சுவரை ஒட்டிய இடத்தில் ஈரமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உத்தர நுனியைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் முந்தைய மாற்றங்களுக்கான அனுமதிக் கடிதங்களையும் கேளுங்கள். இங்கிலாந்தில், முன்பிருந்தவர் அனுமதியின்றி இடித்ததைச் சரிசெய்யும்படி புதிய உரிமையாளருக்கே நோட்டீஸ் வரலாம்.

கைமாறும் இடைவெளியில் விடுதி பூட்டிக் கிடந்தால் குழாய் நீரில் லெஜியோனெல்லா என்னும், கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் கிருமி பெருகலாம். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பம் அதற்கு ஏற்றது. வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள்; வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிடுங்கள்.

வேலையாட்களை இழந்துவிடாதீர்கள். ஜப்பானில் 705இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கெய்யுன்கான் விடுதி வாரிசில்லாமல் 2017இல் கைமாறியபோது, பொறுப்பேற்றவர் அங்கேயே நெடுங்காலம் வேலை பார்த்தவர். எந்த வால்வு எந்த அறைக்கு, மழையில் எந்தக் கூரை ஒழுகும் என்பதெல்லாம் பழைய வேலையாட்களுக்குத்தான் தெரியும். விற்பவரும் சில மாதம் கூட இருந்து சொல்லித்தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, விலையில் ஒரு பகுதியை அது முடிந்த பிறகு கொடுங்கள்.