பழைய பிக்கப்பை இறக்குவது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் பழைய ஜீப் பிக்கப் ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான ஸ்பிரிங்). காலி வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குறைந்த செலவில் வண்டியின் உயரத்தை இறக்க வேண்டும். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், ராயபுரம்

பதில்: கட்டை வாங்குவதற்கு முன் பட்டைகளை எண்ணுங்கள். சரக்கு ஏற்றி ஓடிய வண்டியில் முன்பு வைத்திருந்தவர் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருப்பது சகஜம். மற்றவற்றோடு தடிமன் ஒத்துப்போகாத பட்டை, கிளிப்புக்குள் அடங்காத பட்டை இருந்தால் பெரும்பாலும் அதுதான். இரண்டு பக்கமும் அதைக் கழற்றினாலே அரை இன்ச் முதல் ஒரு இன்ச் வரை இறங்கும், ஆட்டமும் மென்மையாகும். புது சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோர்ப்பது), யூ போல்ட் (பட்டைகளை ஆக்சிலோடு கட்டுவது), கொஞ்சம் கிரீஸ், இவ்வளவுதான் செலவு. மெயின் பட்டையையும் அதற்கு அடுத்ததையும் தொடாதீர்கள். மெயின் உடைந்தால் துணை நிற்பது அந்த அடுத்த பட்டைதான்.

அதன் பிறகும் உயரம் தெரிந்தால் பின்பக்கம் கட்டை வைக்கலாம். ஆனால் குனிந்து பாருங்கள்: ஆக்சில் பட்டையின் மேல் உட்கார்ந்திருந்தால்தான் இடையில் வைக்கும் கட்டை வண்டியை இறக்கும். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். ஜீப் வகையில் பெரும்பாலும் ஆக்சில்தான் மேலே. யாராவது இடையில் மாற்றிக் கட்டியிருக்கக்கூடும், அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கட்டை 50 மி.மீ. உயரம், பட்டையின் அகலம், முழு இரும்பு. லேத்தில் கடையச் சொல்லும்போது கீழே சென்டர் போல்ட் தலை அமரக் குழியும், மேலே ஆக்சில் சீட்டின் (ஆக்சிலில் பட்டை அமரும் தட்டு) துளைக்குள் போக முளையும் கேளுங்கள். இவை இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது ஆக்சில் நழுவும். மரக்கட்டை, பாக்ஸ் பைப், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை, மூன்றும் கூடாது. யூ போல்ட் அதே தடிமனில், பழையதைவிட 50 மி.மீ. நீளமாக, புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை முறுக்கியதன் மரை இழுபட்டிருக்கும்.

முன் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் தனி ஜாக்கி வையுங்கள். ஷாக் அப்சார்பரின் (ஷாக்) கீழ் போல்ட்டைக் கழற்றி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் ஆக்சில் உருளும். கடைசி முறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது, குறுக்குக் குறுக்காக. அரை இன்ச் யூ போல்ட்டுக்கு சுமார் 80 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை திரும்ப முறுக்க மறக்காதீர்கள். கடல்காற்று அடிக்கும் பகுதி என்பதால் மரையில் கிரீஸ் தடவி வையுங்கள்.

இரண்டு இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில் பட்டையும் அதன் அடித்தகடும் தரையை நோக்கி 50 மி.மீ. இறங்கிவிடும். டயர் காற்றிறங்கி ரிம்மில் நின்றாலும் தகடு தரையில் படக்கூடாது. நெறிப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம், தெருக்காரர்கள் போட்டதற்கு அளவே கிடையாது. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளங்களையும் கணக்கில் வையுங்கள். ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடையே இரண்டு இன்ச்சாவது மிஞ்ச வேண்டும். குறைந்தால் உயரம் குறைந்த ரப்பர் போடுங்கள், ரப்பரை எடுத்துவிடாதீர்கள். ஷாக் முழுவதும் அமுங்கும் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் முட்டினால் உள்ளே வால்வு உடையும்.

முன் ஆக்சிலில் கட்டை வேண்டவே வேண்டாம். பிரேக் சுமை அதிகம் விழுவது அங்கேதான். கட்டையின் உயரம் நெம்புகோலாகிப் பட்டையை முறுக்கும். அங்கே கூடுதல் பட்டையை எடுப்பதோடு சரி. முடித்ததும் டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பட்டையை கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவைக் குறைக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடாது. சூடுபட்ட இடத்தில் பட்டையின் பதம் போய்விடும். சில வாரங்களில் தொய்யும், அல்லது அங்கேயே உடையும். ஸ்பிரிங் பட்டறையில் குளிர்நிலையில் பிரஸ்ஸில் வைத்து வளைவைக் குறைக்கச் சொல்லுங்கள். வளைவு குறைந்தால் பட்டை நீளும். ஷாக்கிள் (பட்டையின் முனையை சேசிஸோடு இணைக்கும் ஆடும் கொக்கி) சேசிஸில் முட்டாமல் ஆடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பின்னால் இரண்டு இன்ச் இறக்கினேன். 50 கி.மீ. வேகத்தில் அதிர்கிறது. எதிரே வருபவர்கள் லைட் அடித்துத் திட்டுகிறார்கள்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதலில் லைட். வால் இறங்கியதும் மூக்கு தூக்கும். 2.5 மீட்டர் வீல்பேஸில் 50 மி.மீ. இறக்கினால் 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் அரை மீட்டர் மேலே ஏறும். இன்றே ஹெட்லைட்டைத் திருகிக் கீழே இறக்குங்கள்; எதிரே வருபவர் கண் கூசினால் உயிருக்கே ஆபத்து.

அதிர்வுக்குக் கட்டையைச் சந்தேகப்படுங்கள். கட்டையின் மேல்முகமும் கீழ்முகமும் இணையாகக் கடையாவிட்டால் பினியன் (பின் ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்சக்கரம்) சாயும். கியர்பாக்ஸ் பிளேஞ்சிலும் (சுழல்தண்டு இணையும் முகத்தகடு) பினியன் பிளேஞ்சிலும் கோணமானியை வையுங்கள். வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் போனால் கட்டையைத் திரும்பக் கடையுங்கள். முடியாவிட்டால் இரும்பு ஆப்புத் தகடு வையுங்கள். இரண்டு பக்கமும் முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை அளந்து பாருங்கள். ஒத்துவராவிட்டால் முளை துளையில் உட்காரவில்லை, வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: போலீஸ் பிடிக்குமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பிற்பாடு சேர்த்த பட்டையைக் கழற்றுவது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. கட்டை அப்படியல்ல, கடைய கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.